கோத்தகிரித் தராசு

மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறும்போதே மலையின் வரவுசெலவு கண்ணில் பட்டுவிடும். உருளைக்கிழங்கு மண்டிகளின் முன் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நீலகிரியில் விளைந்த கிழங்கும் கேரட்டும் பூண்டும் இங்கே இறங்கி, ஏலம் போய், சமவெளிக்குப் பிரிகின்றன. மண்டிக்காரர் உண்டு, தரகர் உண்டு, எடை போடுபவர் உண்டு, மூட்டை தூக்குபவர் உண்டு. மலையில் விளையும் எதற்கும் விலை சொல்லும் இடம் அடிவாரத்தில்தான் இருக்கிறது என்பது இந்த ஊரில் அரைமணி நேரம் நின்றாலே புரிந்துவிடும்.

இங்கிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். பாக்குத் தோப்புகள் முடிந்ததும் சாலை ஏறத் தொடங்குகிறது. குஞ்சப்பனையைத் தாண்டினால் சரிவுகளில் பலா மரங்கள். நான் போனது மே மாதம், பலா பழுக்கும் பருவம். பழ வாசனைக்கு யானைகள் இந்தப் பக்கம் வந்துவிடும் என்பதால் ஓட்டுநர் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வேகத்தைக் குறைத்து, ஒலியெழுப்பாமல், எட்டிப் பார்த்துத் திருப்பினார். அரவேணு வந்ததும் காற்று குளிர்ந்தது. அதற்குமேல் கண்ணுக்கு எட்டியவரை தேயிலை.

நான் தெம்பனிஸ்காரி. சிங்கப்பூரின் கிழக்கே அடுக்குமாடி வீடுகளால் ஆன நகரம் அது. திட்டமிட்டுக் கட்டிய அழகுக்காக 1992இல் உலக வாழ்விட விருது பெற்றது. பேரங்காடி, ஈரச்சந்தை, காப்பிக்கடை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். எங்களுக்குச் சந்தை என்றால் வாங்குபவரின் வசதி. விற்பவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்று யோசிக்க அங்கே ஒரு காரணமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெருவிரைவு ரயிலில் லிட்டில் இந்தியா போய், தேக்காவில் மீனும் கீரையும் வாங்கி, சிராங்கூன் சாலைக் கடைகளில் மளிகையை முடித்துக்கொண்டு திரும்புவது எங்கள் வீட்டு வழக்கம். சில ஆண்டுகளாக அந்தக் கடைகளில் மலையின் பெயர் சொல்லும் பொருள்கள் கூடிவிட்டன. மலைத்தேன், மலைப்பூண்டு, கொல்லிமலை மிளகு, சாமை, தினை, வரகு. புட்டியின் மேல் மலைப்படம் இருக்கிறது, அருவி இருக்கிறது. எந்த ஊர்த் தேன், இறக்கியவர் யார், அவர் கைக்கு எத்தனை வெள்ளி போய்ச் சேர்ந்தது என்று சொல்ல ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைத் தேடித்தான் சாங்கியில் விமானம் ஏறினேன்.

கோத்தகிரியில் தேடத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் தமிழ்நாட்டு மலைகளில் தேன் எடுக்கும் பழங்குடியினரைப் பற்றி ஆராயப் புறப்பட்டு, கடைசியில் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1993இல் அவர்கள் தொடங்கியது கீஸ்டோன் அறக்கட்டளை. அதிலிருந்து 2010இல் ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ என்ற விற்பனை நிறுவனம் பிறந்தது. 2013இல் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ‘ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’ பதிவானது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் 147 ஊர்களிலிருந்து ஏறத்தாழ 1,700 பேர் அதில் உறுப்பினர்கள் என்ற கணக்கோடு, 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிசை: முதலில் ஆய்வு, பிறகு பயிற்சி, பிறகு கடை, இருபது ஆண்டுகள் கழித்து உரிமையாளர் நிலை. இவ்வளவு காலம் எடுக்கும் வேலை இது. மூன்றாண்டுத் திட்டம் போட்டு மலைக்கு வருகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கவேண்டும்.

நீலகிரி மக்களுக்குச் சந்தை புதிதும் இல்லை. தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பாண்டமும் செய்தார்கள், சடங்குகளுக்கு இசை வாசித்தார்கள். படுகர் தானியம் விளைவித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மருந்தும் மூங்கில் கூடையும் கொண்டுவந்தார்கள். பணம் கைமாறாத இந்தக் கொடுக்கல் வாங்கல் குடும்பத்துக்குக் குடும்பம் என்று தலைமுறைகளாக நடந்தது. அதில் ஏற்றத்தாழ்வு இருந்தது, கொடுமையும் இருந்தது. மந்திரக்காரர்கள் என்று அஞ்சி 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்களைக் கூட்டமாகக் கொன்ற நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. அந்த உறவைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதில் ஒவ்வொருவரிடமும் மற்றவருக்கு வேண்டிய ஒன்று இருந்தது. 1819இல் ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் வந்து கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அதன்பின் சாலை வந்தது, காப்பியும் தேயிலையும் வந்தன, காட்டிலாகா வந்தது. கொடுக்கல் வாங்கல் பணத்துக்கு மாறியபோது, பட்டாவும் பணமும் இல்லாத குறும்பரும் இருளரும் பணியரும் தோட்டக்கூலிகள் ஆனார்கள்.

காட்டுப் பொருள்களின் கதி இன்னும் மோசம். தேன், நெல்லி, சீயக்காய், பூந்திக்கொட்டை, கடுக்காய் என எல்லாவற்றையும் சேகரிக்கும் உரிமையைக் காட்டிலாகா ஏலம் விட்டது. ஏலம் எடுத்த குத்தகைக்காரர் வைத்ததே விலை. 1970களில் பழங்குடியினருக்கென்று ‘லேம்ப்’ எனப்படும் பெரிய பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சிறு வன விளைபொருளைச் சேகரிக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் அங்கு வாழ்வோருக்கே உரிமை என்று அச்சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் அது மற்ற மாநிலங்களைப்போல நடைமுறைக்கு வரவில்லை. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் பட்டா வழங்குவது தடைப்பட்டது, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை. சட்டம் வந்தபின் ஏறத்தாழப் பத்தாண்டுகளை ஒரு மாநிலத்தின் பழங்குடியினர் இப்படி இழந்திருக்கிறார்கள். சந்தை வசதி பற்றிய கூட்டங்களில் பொட்டலம், முத்திரை, இணைய விற்பனை என்றெல்லாம் பேசுகிறார்கள். பறிக்கும் உரிமையே உறுதியாகாதவருக்குப் பொட்டலம் எதற்கு?

கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் இறங்கி, பிறகு நடந்து, கீழ்ச்சரிவிலுள்ள ஒரு குறும்பர் ஊருக்குப் போனேன். ஓட்டுவீடுகள் கொஞ்சம், வாசலில் காப்பிச்செடி, மிளகுக்கொடி, ஒரு பக்கம் ராகி விதைக்கக் கொத்திய நிலம். அங்கே பேசக் கிடைத்தவர் அறுபது வயதைத் தாண்டிய தேன்காரர். இப்போது அவர் பாறையில் இறங்குவதில்லை, மகன் இறங்குகிறார்.

தேனில் நான்கு வகையை அவர் விரல்விட்டுச் சொன்னார். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்குவது பெருந்தேன். மரப்பொந்தில் அடுக்கடுக்காக வைப்பது அடுக்குத்தேன். புதரில் சின்னக் கொம்பில் கட்டுவது கொம்புத்தேன். கொடுக்கில்லாத சிறு பூச்சி சேர்ப்பது கொசுத்தேன், அது மருந்துக்கு. வியாபாரத்துக்குப் பெரும்பாலும் பெருந்தேன்தான். அந்தத் தேனீ நாடோடி. காடு பூக்கும் காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பாறைக்கு வந்து அடை கட்டும், மழை பிடித்ததும் போய்விடும். சித்திரை, வைகாசி என்று சில வாரங்களில் முடியும் அறுவடை அது.

“போறதுக்கு முன்னால விரதம் இருக்கணும்மா. வீட்டுல சுத்தமா இருக்கணும். பாறைக்கு மேல கயித்தைப் பிடிக்கிறவன் மச்சினனா இருக்கணும்.”

“ஏன் மச்சினன், ஐயா? அண்ணன் தம்பி பிடிச்சா ஆகாதா?”

“அண்ணன் தம்பிக்குப் பங்கு இருக்கும்ல, பகையும் இருக்கும். மச்சினனுக்கு அவன் தங்கச்சியோட தாலி அந்தக் கயித்துல தொங்குது. விடமாட்டான்.”

காட்டுக்கொடியை முறுக்கிச் செய்த ஏணியில் இறங்கி, பச்சிலைப் புகை காட்டி, தேனீயிடம் பாட்டாகப் பேசிக்கொண்டே மூங்கில் கழியால் அடையை அறுப்பார்களாம். வெளியாள் உடன் போகக்கூடாது என்பதால் நான் கேட்கவும் இல்லை. முன்பு அடை முழுவதையும் அறுத்துக் கையால் பிழிவார்கள். புழுவும் மகரந்தமும் கலந்து தேன் சீக்கிரம் புளித்துவிடும். இப்போது தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுக்கிறார்கள், புழு இருக்கும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். துணியில் தானாக வடியவிட்டுச் சுத்தமான கேனில் பிடிக்கிறார்கள். பயிற்சியில் வந்த மாற்றம் இது. ஆனால் இன்னொரு வழக்கத்தை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

“எல்லாக் கூட்டையும் எடுத்தரக் கூடாது. ரெண்டு மூணை அப்படியே விட்டுட்டு வருவோம். அடுத்த வருசம் அது வழி தெரிஞ்சு வரணும்ல?”

நான் விலையைப் பற்றிக் கேட்டேன். அவர் விலையைச் சொல்லாமல் ஐப்பசியைப் பற்றிச் சொன்னார். மலையின் இந்தக் கிழக்குப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை பலமாக அடிக்கும். மழையில் தோட்டவேலை நின்றுபோகும், பாதை சரியும், வீட்டில் அரிசி குறையும். அந்த நேரம் பார்த்து வியாபாரி வருவார், கையில் பணம் கொடுப்பார். “நல்ல மனுசன்தான், சாவு வாழ்வுக்கும் குடுப்பாரு. ஆனா சித்திரையில எவ்வளவு தேன் எறக்குனாலும் அவரு நோட்டுல கணக்கு தீராது. கேனைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோன்னு சொல்லிருவாரு. அவருகிட்டதான தராசு.”

இந்தப் பேச்சுக்குப் பிறகு ‘சந்தை வசதி’ என்ற சொல்லை நான் கேட்ட விதம் மாறிவிட்டது. தேனுக்கு வாங்குபவர் எப்போதும் இருந்தார். வாசலுக்கே வந்து வாங்கினார். குறும்பரிடம் இல்லாதது, இன்றைக்கு விற்கமாட்டேன் என்று சொல்லும் சக்தி. ஐப்பசியில் அரிசி வாங்கப் பணமும், சித்திரையில் தேனை வைத்திருக்க இடமும், எடை போடத் தம்முடைய தராசும் இருந்தால்தான் அந்தச் சக்தி வரும். சாலையும் செல்பேசியும் மட்டும் வந்தால் வியாபாரி இன்னும் வேகமாக வருவார், அவ்வளவுதான்.

ஆதிமலை செய்யும் வேலையை அந்தக் கண்ணோடு பார்த்தேன். ஊர்களுக்கு நடுவே சேகரிப்பு நிலையங்கள். சத்தியமங்கலம் காட்டோரத்து ஆசனூர், கோத்தகிரிச் சாலையில் உள்ள மாமரம் போன்ற இடங்களில் பழங்குடிப் பெண்களே பதப்படுத்தும் வேலையைச் செய்கிறார்கள். தேன் மட்டும் இல்லை. காப்பி, மிளகு, சாமை, நெல்லி, சீயக்காய் எல்லாம் வருகின்றன. தேன் வடிந்தபின் எறிந்துகொண்டிருந்த அடையை உருக்கி மெழுகாக்கிச் சோப்பும் களிம்பும் மெழுகுவத்தியும் செய்கிறார்கள். கேன் வந்து இறங்கியதும் கொண்டுவந்தவர் கண்முன்னேயே எடை. பிறகு ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி, சிறு குழல் போன்ற கருவியை வெளிச்சத்தில் பிடித்து ஈரப்பதம் பார்க்கிறார்கள். தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகப் பொதுவான தர அளவு. மழைக்காட்டில் எடுக்கும் பெருந்தேனுக்கு இயல்பாகவே ஈரம் கூடுதல். தாண்டினால் நுரைத்துப் புளிக்கும். வாங்கும் இடத்திலேயே அதைத் தெரிந்துகொண்டால் கேன்களைப் பிரித்துவைத்து ஈரம் குறைக்கலாம். தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிவிட்டால் மொத்தமும் கெடும்.

கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளம்பெண் இருளர். கல்லூரி முடித்தவர். எடைச்சீட்டில் ஊர், எடுத்தவர், தேதி, ஈரம் எல்லாம் எழுதினார். சிராங்கூன் சாலைப் புட்டியில் நான் தேடிய வரி அந்தச் சீட்டில் இருந்தது.

“எது அக்கா கஷ்டம்னா, தேன் ஆறு வாரத்துல மொத்தமா வந்துரும். வந்த அன்னிக்கே காசு குடுக்கணும், இல்லைன்னா பழையபடி வெளியாளுக்குப் போயிரும். ஆனா நாம விக்கிறது வருசம் பூரா கொஞ்சம் கொஞ்சமா. நடுவுல பணம் வேணும்.”

வங்கியில் கேட்டால் ஈடு கேட்பார்கள். காட்டுநிலத்தில் வாழ்பவரிடம் ஈடு ஏது? அறக்கட்டளைகளின் துணையோடும் விற்பனை நிறுவனத்தின் முன்பணத்தோடும் ஒவ்வோர் ஆண்டும் அந்த இடைவெளியைக் கடக்கிறார்கள். மலைவாழ் மக்களின் வாழ்வாதாரம் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களில் இந்த ஆறு வாரக் கதையை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கலப்படம் அவர்களுக்கு இன்னொரு பகை. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சந்தையிலிருந்து எடுத்த 22 தேன் மாதிரிகளில் 5 மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின. மற்றவற்றில் சர்க்கரைப்பாகு. பாகின் விலையோடு பாறைத்தேன் போட்டிபோட முடியுமா? ஒரே நிறம், ஒரே ருசி, ஆண்டு முழுதும் ஒரே விலை என்று எதிர்பார்க்கப் பழகிவிட்ட எங்களைப்போன்றவர்களும் இதற்கு உடந்தை. நாவல் பூத்த ஆண்டில் தேன் கசக்கும். குறிஞ்சி பூத்தால் ருசியே வேறு. கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்தது 2030. மழை தப்பினால் தேனீயே வராத ஆண்டும் உண்டு. இவ்வளவையும் ஏற்றுக்கொள்ளாத சந்தை மலைக்குள் நுழைந்தால், விட்டுவிட்டு வரும் அந்த ரெண்டு மூணு கூட்டையும் அறுக்கச் சொல்லும்.

சிறுதானியத்தில் இது ஏற்கெனவே தெரிகிறது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் லிட்டில் இந்தியாக் கடைகளில் சாமைக்கும் தினைக்கும் தனித்தட்டு வந்துவிட்டது. நான் போன ஊரில் மதியச் சாப்பாடு ரேஷன் அரிசிச் சோறு. காட்டுப்பன்றியும் யானையும் விளைந்ததை அழிப்பதால் ராகி விதைப்பது குறைந்துவிட்டது என்றார் அந்த வீட்டு அம்மா. மலைக்காரர் தட்டிலிருந்து இறங்கிய தானியம் எங்கள் தட்டில் ஆரோக்கியமாக ஏறுவதை வளர்ச்சி என்று என்னால் சொல்லமுடியவில்லை. ஆதிமலை போன்ற நிறுவனங்கள் வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சியதையே வாங்கவேண்டும். வாங்குபவர்களும் அதை விதியாகக் கேட்கவேண்டும்.

பெருந்தேன் சேர்க்கும் தேனீ எங்கள் பக்கத்துத் தேனீயும்தான். சிங்கப்பூரிலும் உயர்ந்த மரங்களில் அடை கட்டும். கட்டினால் பயந்து ஆளைக் கூப்பிடுவோம். கடல் தாண்டி இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில் டானாவ் சென்தாரும் ஏரிக்காட்டு மக்கள், மரங்களில் பலகை கட்டி அதே தேனீயை வரவழைத்துத் தேன் எடுக்கிறார்கள். அவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, எப்போது அறுப்பது, எவ்வளவு விடுவது என்று தாங்களே விதி வகுத்து, 2007இல் தங்கள் தேனுக்கு இயற்கைச் சான்று வாங்கினார்கள். நீலகிரிக்கும் கலிமந்தானுக்கும் பொதுவானது இதுதான்: எவ்வளவு விட்டுவைப்பது என்ற விதியை வகுத்தவர்கள் தேன் எடுப்பவர்கள். வெளியிலிருந்து வந்த சோதனையாளர் பிறகுதான் வந்தார்.

கூட்டுறவு எங்களுக்கும் தெரிந்த வழிதான். தெம்பனிஸில் நான் அரிசி வாங்கும் ஃபேர்பிரைஸ் ஒரு கூட்டுறவு. 1973இல் விலைவாசி தாறுமாறாக ஏறியபோது, தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் ‘வெல்கம்’ என்ற பெயரில் முதல் கடையைத் திறந்தது. தொழிலாளர்கள் பங்கு போட்டார்கள். அரிசியை மொத்தமாக வாங்கி நியாய விலைக்கு விற்று, பதுக்கல்காரர்களின் பிடியைத் தளர்த்தினார்கள். வாங்குபவர்கள் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கடை சாட்சி. விற்பவர்கள் ஒன்றுசேர்ந்தது ஆதிமலை. இரண்டு கூட்டுறவுகளும் நேரில் சந்திக்கும் வழி இதுவரை இல்லை. நடுவில் முகவரும் மறுமுகவரும் இருக்கிறார்கள்.

வழி எளிது என்று சொல்லமாட்டேன். சிங்கப்பூருக்கு உணவுப்பொருள் இறக்க உரிமம் வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் தனி அனுமதி வேண்டும். ஒரு கொள்கலன் நிறையக் கொண்டுவருபவருக்கு அந்தச் செலவு தெரியாது. சில பெட்டி கொண்டுவருபவருக்கு அதுவே லாபத்தைத் தின்றுவிடும். சிறு உற்பத்தியாளர்களுக்கென்று ஓர் எளிய வழியை இங்குள்ள இந்திய வணிக அமைப்புகள் கேட்டு வாங்கவேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் சிராங்கூன் சாலை இறக்குமதியாளர்கள் தங்கள் சரக்கோடு இந்தச் சில பெட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அது பெரிய பாரம் இல்லை. லேபிளில் ஊர்ப்பெயர் போட்டால் விற்கவும் செய்யும்.

திரும்பி வந்தபின் எங்கள் அடுக்குமாடியில் சில குடும்பங்களோடு பேசினேன். தேன் வந்தபின் வாங்குவதாகச் சொல்லாமல், பருவத்துக்கு முன்பே பணம் கட்டிவிடுவது, விளைச்சல் குறைந்தால் குறைவாகப் பெற்றுக்கொள்வது, தேனீ வராத ஆண்டில் அந்தப் பணம் அடுத்த ஆண்டுக்கு நிற்பது என்று முடிவாகியிருக்கிறது. ஒரு மூதாட்டி மட்டும் தேன் வராவிட்டால் மெழுகுச் சோப்பாவது அனுப்பட்டுமே என்றார், அதையும் சேர்த்துக்கொண்டோம். உரிமம் உள்ள ஒரு கடைக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பதில் எதுவானாலும், ஐப்பசி மழை பிடிக்கும் முன் முதல் தவணை கோத்தகிரிக்குப் போய்ச் சேரவேண்டும். வியாபாரியின் நோட்டு திறப்பதும் அந்த மாதத்தில்தான்.